இன்னொரு மூர் விதி: கணினி அறவியல் என்றால் என்ன?

கணினியைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு ‘மூர் விதி’ தெரிந்திருக்கும். இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965இல் சொன்ன கணிப்பு அது: ஒரு கணினிச் சில்லுக்குள் (சிப்) அடைக்கக்கூடிய மின்னணு உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும். பத்து ஆண்டு கழித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று அவரே திருத்திக்கொண்டார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதல்ல.

இன்னொரு மூர் இருந்தார். ஜேம்ஸ் மூர், அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர். ஆங்கிலத்தில் இருவர் பெயருக்கும் கடைசியில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் அதுவும் இல்லை. 2005இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவரும் தன் பங்குக்கு ஒரு ‘மூர் விதி’யை முன்வைத்தார். தொழில்நுட்பப் புரட்சிகளின் சமூகத் தாக்கம் கூடக் கூட அறச் சிக்கல்களும் கூடும் என்பது அந்த விதி. பெயரை வைத்து ஆடிய சிலேடைதான். ஆனால் சொன்ன விஷயம் விளையாட்டல்ல. அதற்குப் பின்னால் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு உழைப்பு இருந்தது.

கணினி அறவியல் என்ற துறையைப் புரிந்துகொள்ள, வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு மனிதர் எதையெல்லாம் யோசித்தார் என்று பின்தொடர்ந்து போவது எளிது என்பது என் எண்ணம். ஏனென்றால் அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஓர் ஒழுக்கப் பட்டியல்: அடுத்தவர் கடவுச்சொல்லைத் திருடாதே, மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுக்காதே, பொய்ச் செய்தி பரப்பாதே. இதெல்லாம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் விதி ஏற்கெனவே இருக்கிற இடத்தில் அதன்படி நடப்பதா மீறுவதா என்பது மட்டும்தான் கேள்வி. அதற்குத் தத்துவப் பேராசிரியர் தேவையில்லை. விதியே இல்லாத இடம் ஒன்று வரும்போதுதான் மூரின் வேலை தொடங்குகிறது.

பேசிக் பிறந்த ஊர்

மூர் 1942இல் பிறந்தவர். இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டு, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹனோவர் என்ற சிற்றூரில் இருக்கும் டார்ட்மத் கல்லூரியில் ஆசிரியரானார். பணிக்காலத்தின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது.

இந்த இடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. 1956 கோடையில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயரோடு முதல் ஆய்வுப் பட்டறை நடந்தது டார்ட்மத்தில்தான். 1964இல் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் பேசிக் என்ற நிரல் மொழியை உருவாக்கியதும் அங்கேதான். கூடவே அவர்கள் செய்த இன்னொரு காரியம், பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறை. மற்ற ஊர்களில் கணினி என்பது பூட்டிய அறைக்குள் நிபுணர்கள் மட்டும் தொடும் பெரிய பெட்டியாக இருந்த காலத்தில், டார்ட்மத்தில் இலக்கியம் படிக்கும் மாணவர்கூட ஒரு முனையத்தின் முன் உட்கார்ந்து நிரல் எழுத முடிந்தது. கணினி சாதாரண மக்கள் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று மற்றவர்கள் ஊகித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கல்லூரி அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்த ஒரு தத்துவ ஆசிரியருக்குக் கணினி மேல் கவனம் விழுந்ததில் வியப்பில்லை.

முதலில் அவரை இழுத்தது அறவியல் அல்ல, இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்விதான். உரையாடலை வைத்து மனிதரா இயந்திரமா என்று பிரித்தறிய முடிகிறதா எனப் பார்க்கும் டூரிங் சோதனையைப் பற்றி 1976இல் எழுதினார். அதே 1976இல் எம்ஐடி பேராசிரியர் ஜோசப் வைசன்பாமின் நூல் ஒன்று வந்து பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 1966இல் எலைசா என்ற உரையாடல் நிரலை எழுதியவர் அவர். மனநல ஆலோசகரைப் போலக் கேள்வி கேட்கும் அந்தச் சின்ன நிரலிடம் மனிதர்கள் மனம் திறந்து பேசுவதைப் பார்த்து, எழுதியவரே அதிர்ந்துபோனார். கணினியால் முடிந்தாலும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகள் உண்டு என்பது அவர் வாதம்.

1979இல் மூர் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்: கணினி ஒருபோதும் எடுக்கக் கூடாத முடிவுகள் உண்டா? அவர் பதில் கொஞ்சம் எதிர்பாராதது. மருத்துவம், நீதி என்று துறைகளை வரிசையாகச் சொல்லி ‘இங்கெல்லாம் கணினி நுழையக் கூடாது’ என்று முன்கூட்டியே கோடு கிழிக்க அவர் தயாராக இல்லை. ஒரு மருத்துவர் திறமையானவரா என்பதை எப்படி அறிகிறோம்? அவர் இதுவரை எடுத்த முடிவுகள் எப்படி அமைந்தன, அவற்றுக்கு அவர் சொல்லும் காரணம் நிற்குமா என்று பார்க்கிறோம். இயந்திரத்தையும் அப்படியே சோதிக்கலாம், தோற்றால் ஒதுக்கிவிடலாம் என்றார். ஒன்றை மட்டும் ஒப்படைக்கக் கூடாது: நம் அடிப்படை இலக்குகள் எவை, மதிப்புகள் எவை, எதற்கு முதலிடம் என்ற முடிவு. இன்று செயற்கை நுண்ணறிவு பற்றி நடக்கும் பல சண்டைகளில் இரு தரப்பும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

வெற்றிடமும் குழப்பமும்

‘கணினி அறவியல்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மூர் அல்ல, வால்டர் மேனர். வர்ஜீனியாவில் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ அறவியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். ஏற்கெனவே சிக்கலான ஒரு பிரச்சினைக்குள் கணினி நுழைந்தால் அது இன்னும் சிக்கலாகிறது என்பதை 1970களின் நடுவில் கவனித்தார். தனிப் பாடமாகவே நடத்தலாம் என்று தோன்ற, பாடத்திட்டமும் கையேடும் உருவாக்கினார். அந்தக் கையேட்டைப் பிறகு பதிப்பித்தவர் டெரல் பைனம். ‘மெட்டாஃபிலாசஃபி’ என்ற தத்துவ இதழின் ஆசிரியரும் அவர்தான். அந்த இதழ் நடத்திய கட்டுரைப் போட்டியில் மூரின் கட்டுரை பரிசு பெற்று, 1985 அக்டோபர் சிறப்பிதழில் வெளிவந்தது. தலைப்பு: ‘கணினி அறவியல் என்றால் என்ன?’ இந்தத் துறையில் இன்றும் முதலில் படிக்கச் சொல்வது அதைத்தான்.

அதன் மையத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று கொள்கை வெற்றிடம். புதிய கருவி வருகிறது. நேற்றுவரை செய்ய முடியாத ஒன்றை இன்று செய்ய முடிகிறது. செய்யலாமா, கூடாதா? சட்டத்தைப் புரட்டினால் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முன்னோர் வழக்கமும் இல்லை, நேற்றுவரை அப்படி ஒன்றே இல்லாததால். அந்தக் காலி இடம்தான் கொள்கை வெற்றிடம்.

சரி, காலியாக இருந்தால் ஒரு சட்டம் போட்டு நிரப்பிவிட வேண்டியதுதானே? அங்கேதான் இரண்டாவது சொல் வருகிறது: கருத்துக் குழப்பம். எதற்குச் சட்டம் போடுகிறோமோ அந்தப் பொருள் என்ன என்பதே தெளிவில்லாமல் இருக்கும். மூரே தந்த எடுத்துக்காட்டு கணினி நிரல். ஒருவர் எழுதிய நிரலைப் பாதுகாக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நிரல் என்பது என்ன? எழுதப்பட்ட ஒன்றுதானே, கவிதைபோல? அப்படியானால் பதிப்புரிமை. இல்லை, அது ஓர் இயந்திரத்தை இயக்கும் செய்முறை ஆயிற்றே? அப்படியானால் கண்டுபிடிப்புகளுக்குத் தரும் காப்புரிமை. அதுவும் இல்லை, வெறும் கணக்கு வழிமுறைதானே? கணக்கு யாருக்கும் சொந்தமில்லையே!

இது வகுப்பறை விளையாட்டு அல்ல. இரும எண் மாற்றும் ஒரு வழிமுறைக்குக் காப்புரிமை தர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. 1980இல் அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலைத் தெளிவாகச் சேர்த்தார்கள். வெற்றிடம் நிரம்பிவிட்டது என்று நினைத்தால், ஆப்பிள் நிறுவனத்தின் இயக்க நிரல்களை நகலெடுத்த ஃபிராங்க்ளின் என்ற நிறுவனம் புதிய வாதத்தோடு நீதிமன்றத்தில் நின்றது. சில்லுக்குள் பதித்த நிரலை எந்த மனிதரும் வாசிக்க முடியாது, வாசிக்க முடியாததை எப்படி ‘எழுத்து’ என்பீர்கள் என்றது. 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு ஆப்பிள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கவனியுங்கள், திருடலாமா கூடாதா என்பதில் அங்கே யாருக்கும் சண்டை இல்லை. திருடப்பட்டது எந்த வகைப் பொருள் என்பதில்தான் சண்டை.

மூரின் கட்டுரைக்குப் பிறகு நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டால் இது இன்னும் நன்றாக விளங்கும். 1988 நவம்பர் 2ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தானாகவே பரவும் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். இன்று அதை அவர் பெயரால் மோரிஸ் புழு என்கிறோம். அது எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை, எதையும் திருடவில்லை. ஒரு கணினியில் ஏற்கெனவே தன் நகல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தாலும் ஏழில் ஒரு முறை இன்னொரு நகலைப் போட்டுவிடும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த ஏழில் ஒன்று போதுமானதாக இருந்தது. நகல்கள் குவிந்து கணினிகள் திணறின. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 என்று ஒரு மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது; அன்றைய இணையத்தில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

இதற்குச் சட்டம் இருந்தது. 1986இலேயே கணினி மோசடிக்கு எதிரான சட்டம் வந்துவிட்டது. ‘அனுமதியின்றி நுழைவது’ குற்றம் என்று அது சொன்னது. ஆனால் அந்த மாணவருக்குச் சில கணினிகளைப் பயன்படுத்த முறைப்படி அனுமதி இருந்ததே? அவர் நுழைந்தது அஞ்சல் அனுப்பும் நிரல் போன்ற, எல்லோருக்கும் திறந்திருந்த வழிகளில் இருந்த ஓட்டை வழியாகத்தானே? பூட்டை உடைத்ததா இது, திறந்த கதவில் நுழைந்ததா? அந்த வசதிகளை அவை எதற்காக இருந்தனவோ அதற்காக அவர் பயன்படுத்தவில்லை, ஆகவே அது அனுமதியற்ற நுழைவுதான் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று முடிந்தது. சட்டப் புத்தகத்தில் வரி இருந்தும் வெற்றிடம் இருந்தது, ‘நுழைவது’ என்ற சொல்லுக்குள்.

எந்த உருவும் எடுக்கும் பொருள்

புதுக் கருவிகள் எல்லாக் காலத்திலும் வந்தவைதான். ரயிலுக்கென்றோ தையல் இயந்திரத்துக்கென்றோ தனி அறவியல் யாரும் எழுதவில்லை. கணினிக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

மூரின் பதில் ‘தருக்க நெகிழ்வு’. தையல் இயந்திரம் தைக்கும், அவ்வளவுதான். கணினியோ, உள்ளே போவது இன்னது, வெளியே வருவது இன்னது, இரண்டையும் இணைக்கும் தருக்கம் இன்னது என்று சொல்ல முடிந்த எந்த வேலையையும் செய்யும்படி வளைத்துக்கொள்ளலாம். அதற்குள் இருக்கும் குறிகள் எதை வேண்டுமானாலும் குறிக்கலாம்: பங்குச்சந்தை விலை, இசைக் குறிப்பு, ஏவுகணையின் பாதை. ஆகவே அது ஏதோ ஒரு தொழிலுக்குள் மட்டும் புகுந்து நிற்பதில்லை. எங்கும் புகும், புகுந்த இடமெல்லாம் புதிதாக ஏதோ ஒன்று சாத்தியமாகும், சாத்தியமான இடமெல்லாம் வெற்றிடம் பிறக்கும்.

இதோடு அவர் சேர்த்த இன்னொரு காரணத்தைத்தான் நான் அதிகம் ரசிப்பேன். கணினிக்குள் நடப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்றாடம் அது நல்லதுதான். ஒவ்வொரு கணக்கையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனால் அந்த மறைவில் மூன்று விதமான ஆபத்து ஒளிந்திருக்கும் என்றார்.

முதலாவது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மறைவாகச் செய்யும் மோசடி. வங்கியில் வட்டி கணக்கிடும்போது சென்ட்டுக்கும் கீழே மிஞ்சும் பின்னங்களை நிரலாளர் தன் கணக்கில் சேரும்படி எழுதிவிட்டால், எந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது. இது வெறும் பழைய திருட்டு. திரை மட்டும் புதிது.

இரண்டாவது நுட்பமானது. நிரல் எழுதுகிறவரின் விருப்பு வெறுப்பு நிரலுக்குள் குடியேறிவிடும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் சேபர் முன்பதிவு அமைப்பை மூர் எடுத்துக்காட்டினார். பயண முகவர் ஒருவர் ஓர் ஊருக்கு விமானம் தேடினால் திரையில் அந்த நிறுவனத்தின் விமானங்கள் முன்னால் வந்து நிற்கும். முகவர் அவசரத்தில் இருப்பவர், முதல் சில வரிகளுக்குக் கீழே போக மாட்டார். பொய் எதுவும் சொல்லப்படவில்லை, எதுவும் மறைக்கப்படவில்லை, வரிசை மட்டும் மாறியது. 1984இல் அமெரிக்க அரசு இத்தகைய திரைச் சாய்வுக்கு எதிராக விதிமுறை கொண்டுவந்தது. தேடுபொறி முடிவுகளின் வரிசையைப் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் அன்றே அங்கே தொடங்கிவிட்டது.

இந்த இரண்டாவது வகையில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதே இல்லை. 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்கு, நிஜ நிலையத்தைப் போலவே நடந்துகாட்டும் கணினிப் பாவனை மூலம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்தப் பாவனையில் கோளாறுகள் ஒவ்வொன்றாகத்தான் வரும். பல பாதுகாப்புக் கருவிகள் ஒரே நேரத்தில் பழுதாவது என்ற நிலைமையே அதில் இல்லை என்று மூர் சுட்டிக்காட்டுகிறார். உண்மையில் நடந்ததோ அதுதான். பயிற்சி பெற்றவர்கள் பாவனையையே உலகம் என்று நம்பியிருந்தார்கள். எது நடக்கக்கூடியது, எது நடக்காது என்று யாரோ ஒருவர் நிரலில் எடுத்த முடிவு அவர்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. (அந்த விபத்தை விசாரிக்க அமெரிக்க அதிபர் அமைத்த ஆணையத்தின் தலைவர் யார் தெரியுமா? பேசிக் மொழியைப் படைத்த அதே ஜான் கெமனி. அப்போது அவர் டார்ட்மத் கல்லூரியின் தலைவர். மூரும் அதே வளாகத்தில்தான் இருந்தார்.)

மூன்றாவது வகை, பார்க்க விரும்பினாலும் பார்க்க முடியாத அளவு பெரிய கணக்கு. எந்த வரைபடத்துக்கும், ஒட்டியிருக்கும் பகுதிகள் ஒரே நிறமாகாமல் வண்ணம் தீட்ட நான்கு நிறம் போதும் என்பதை 1976இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அப்பெல், ஹாக்கன் என்ற இருவர் நிரூபித்தார்கள். ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் கணினி ஓடியது. அந்த நிரூபணத்தை வரிவரியாக ஒரு மனிதர் உட்கார்ந்து சரிபார்க்க முடியாது. அப்படியானால் அதை எந்த அளவுக்கு நம்புவது? வண்ணம் தீட்டும் கணக்கில் இது சுவாரசியமான புதிர். ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா, ஒருவரைச் சிறையிலிருந்து விடலாமா என்று சொல்லும் கணக்கிலும் இதே நிலைமை என்றால் அப்புறம் அதைப் புதிர் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி இடம் மாறுவது

மூரின் அந்த 1985 கட்டுரையில் இன்னொரு பார்வையும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. கணினிப் புரட்சி இரண்டு கட்டமாக நடக்கும் என்றார் மூர். முதலில் கருவி அறிமுகமாகும். பிறகு அது எல்லாவற்றிலும் ஊறிவிடும். முதல் கட்டத்தில் நாம் கேட்பது, இந்த வேலையைக் கணினி எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று. ஊறிய பிறகு கேள்வியே இடம் மாறிவிடும்: இந்த வேலை என்றால் என்ன?

தேர்தலை அவர் எடுத்துக்காட்டினார். கணினி வாக்குகளை வேகமாக எண்ணுமா என்பது முதல் கேள்வி. 1980 அதிபர் தேர்தலில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் இன்னும் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே ரேகன் வென்றுவிட்டார் என்று தொலைக்காட்சி அறிவித்துவிட்டது. எதிர்த்து நின்ற கார்ட்டரும் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். வரிசையில் நின்றுகொண்டிருந்த வாக்காளருக்கு அப்போது எழும் கேள்வி, எண்ணிக்கை சரியா என்பதல்ல. நியாயமான தேர்தல் என்றால் என்ன என்பது. பணம், கல்வி, வேலை என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் இதே கதைதான்.

இந்த இடத்தில் துறைக்குள்ளேயே ஒரு நெடிய வாக்குவாதம் உண்டு. மேனரோடு அதே ஓல்ட் டொமினியனில் பணியாற்றிய டெபரா ஜான்சன், 1985இல் வெளிவந்த தன் பாடநூலில், கணினி புதிய அறச் சிக்கல்களைப் படைக்கவில்லை, பழைய சிக்கல்களுக்குப் புதிய வடிவம் கொடுக்கிறது என்று வாதிட்டார். கணினி இல்லாவிட்டால் பிறந்தே இருக்காத சிக்கல்கள் உண்டு என்றார் மேனர். யார் சரி என்று என்னைக் கேட்டால், ஜான்சன் பக்கம் கொஞ்சம் சாய்வேன். தனியுரிமை, சொத்து, பொறுப்பு எல்லாம் பழைய சொற்களே. ஆனால் பழைய சொல் புது இடத்தில் மாட்டாமல் தடுமாறும்போது என்ன செய்வது என்பதற்கு மூர்தான் கைகொடுக்கிறார். மூருக்கு இந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இருந்ததாகவும் தெரியவில்லை.

தனியுரிமையை 1997இல் ஒரு கட்டுரையில் அவர் கையாண்ட விதம் இதற்கு நல்ல சான்று. கணினிக்குள் போன தகவலை எண்ணெய் தடவிய பொருள் என்றார். ஓரிடத்தில் வைத்தால் நிற்காது, வழுக்கிக்கொண்டு எங்கெங்கோ போகும். இந்த நிலையில் ‘என் தகவல் முழுக்க என் கட்டுப்பாட்டில்’ என்பது நடக்காத காரியம். சரியான நபருக்குச் சரியான நேரத்தில் சரியான தகவல் மட்டும் கிடைக்கும்படி வட்டங்கள் போடலாம், அதுதான் முடிந்தது. தகவலைப் பார்க்காதீர்கள், சூழலைப் பாருங்கள் என்பது அவர் அணுகுமுறை. அமெரிக்காவில் தனியார் கல்லூரி ஆசிரியரின் சம்பளம் பொதுவாக ரகசியம். அரசுப் பல்கலைக்கழக ஆசிரியரின் சம்பளத்தைப் பல மாநிலங்களில் யாரும் பார்க்கலாம். எண் ஒரே மாதிரியானதுதான், அது இருக்கும் இடம் வேறு.

அதே கட்டுரையில் ஓர் அசௌகரியமான உண்மையையும் ஒப்புக்கொள்கிறார். உயிர், மகிழ்ச்சி, திறன், சுதந்திரம், அறிவு, வளங்கள், பாதுகாப்பு ஆகியவை எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான மைய மதிப்புகள் என்று பட்டியலிடும் அவர், தனியுரிமையை அதில் சேர்க்கவில்லை. தனியுரிமை என்ற எண்ணமே இல்லாமல் ஒரு சமூகம் நன்றாக வாழ முடியும். ஆனால் முகம் தெரியாத லட்சக்கணக்கானோர் கணினி வழியே ஒருவரையொருவர் எட்டிப் பார்க்கக்கூடிய சமூகத்தில், பாதுகாப்பு என்ற மைய மதிப்பு எடுக்கும் வடிவம்தான் தனியுரிமை என்கிறார். சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு நேர்மையாகப் பட்டது.

வெற்றிடத்தைக் கண்டுபிடித்து, குழப்பத்தையும் தீர்த்தாயிற்று. எந்தக் கொள்கையை வைப்பது? 1999இல் இதற்கொரு வழி சொன்னார். டார்ட்மத்தில் உடன் பணியாற்றிய அறவியல் அறிஞர் பெர்னார்ட் கெர்ட்டின் சிந்தனையிலிருந்து எடுத்துக்கொண்ட வழி. முதல் சல்லடையில், யாருக்காவது நியாயமற்ற தீங்கு செய்யும் கொள்கைகளை ஒதுக்குங்கள். நீங்கள் எந்தப் பக்கத்தில் இருப்பீர்கள் என்று தெரியாத நிலையில் ஒப்புவீர்களா என்பது உரைகல். மிஞ்சியவற்றை விளைவுகளை வைத்து எடைபோடுங்கள். எடைபோட்டும் ஒன்றுக்கு மேல் மிஞ்சலாம். கப்பல் செலுத்துவதைப் போல, ஊருக்குப் போய்ச் சேரப் பல நல்ல வழிகள் இருக்கும், பாறையில் மோதும் வழிகள் எவை என்பதில் மட்டும் குழப்பம் இருக்காது.

இயந்திரத்துக்கு அறம் உண்டா?

2006இல் மூர் பழைய காதலுக்குத் திரும்பினார். அந்த ஜூலையில், 1956 பட்டறையின் ஐம்பதாம் ஆண்டு மாநாட்டை டார்ட்மத்தில் முன்னின்று நடத்தினார். முதல் பட்டறையில் இருந்த ஐந்து பேர் வந்திருந்தார்கள், ஜான் மெக்கார்த்தியும் மார்வின் மின்ஸ்கியும் உட்பட. அதே ஆண்டு இயந்திர அறவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதி, இயந்திரங்களை நான்கு படியில் நிறுத்தினார்.

கீழ்ப்படியில் இருப்பவை, எதையும் யோசிக்காமலே அற விளைவு உண்டாக்குபவை. கத்தாரில் ஒட்டகப் பந்தயத்துக்கு ஏழை நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்களை ஏற்றி ஓட்டுவது வழக்கமாக இருந்தது. பிறகு அந்த இடத்தில் சிறு ரோபோக்களை வைத்தார்கள். அந்த ரோபோவுக்கு அறம் என்றால் என்னவென்று தெரியாது; ஆனால் ஒரு சிறுவன் விடுதலையானான். அடுத்த படியில், தீங்கு நேராதபடி கட்டமைப்பிலேயே கட்டுப்படுத்தப்பட்டவை: தானியங்கிப் பண இயந்திரம், விமானத்தைத் தானே ஓட்டும் கருவி. மூன்றாம் படியில், அறக் கோட்பாடுகளை உள்ளே வைத்துக்கொண்டு அவற்றின்படி கணித்து முடிவெடுப்பவை. உச்சியில் தன்னுணர்வும் நோக்கமும் கொண்டு, தன் முடிவுக்குத் தானே பொறுப்பேற்பவர்; நாம் அறிந்த வரையில் அங்கே நிற்பது வளர்ந்த மனிதர் மட்டும்.

மூன்றாம் படி இயந்திரங்களைக் கட்ட முயலலாம், முயலவும் வேண்டும் என்பது மூரின் கருத்து. கட்ட முயன்றால் நம் அறவியல் எவ்வளவு அரைகுறையானது என்பது நமக்கே தெரியவரும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

மூரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. ‘வெற்றிடம்’ என்ற உருவகம் கொஞ்சம் அமைதியானது. காலி மனை ஒன்று கிடக்கிறது, நாம் கூடி உட்கார்ந்து யோசித்து வீடு கட்டலாம் என்பதுபோல. நடைமுறையில் அந்த மனை ஒரு நாள்கூடக் காலியாகக் கிடப்பதில்லை. நிறுவனம் தனக்கு வசதியான ஒரு வழக்கத்தை அங்கே கொட்டகை போட்டு உட்கார்த்திவிடுகிறது. தத்துவ ஆசிரியர் அளவுநாடாவோடு வந்து சேரும்போது, பல கோடிப் பேர் அதற்குள் குடியேறி முடிந்திருக்கும். சேபர் அமைப்பின் வரிசையும் அப்படித்தான் பல ஆண்டு நின்றது.

ஆனாலும் அவர் கொடுத்த கருவி மழுங்கவில்லை. செய்தித்தாள்களையும் நூல்களையும் பெருமளவில் ஊட்டிப் பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஓபன்ஏஐ மீது வழக்குத் தொடுத்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் நகலெடுப்பதற்கு விதி இருக்கிறது. படிப்பதற்கு விதி கிடையாது, யாரும் எதையும் படிக்கலாம். அந்த மாதிரிகள் செய்தது நகலெடுப்பதா, படிப்பதா? இரண்டும் இல்லாத, நம்மிடம் இன்னும் பெயர் இல்லாத மூன்றாவது ஒன்றா? 1985இல் நிரல் என்றால் என்ன என்று கேட்டவர் இந்தக் கேள்வியை முதல் வரியிலேயே அடையாளம் கண்டிருப்பார். ஜேம்ஸ் மூர் 2024இல் காலமானபோது அந்த வழக்கு விசாரணையில்தான் இருந்தது.